பத்து ரூபாயும் விழிப்புணர்வும்

போன வாரம் எங்கள் கல்லூரியில் 'குப்பையில்லா நகரம்' என்று ஒரு கருத்தரங்கம். (முடிந்ததும் அரங்கத்தில் கிடந்த தண்ணீர் பாட்டில்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. சரி, அதை விடுங்கள்.) பேசிய மூன்று பேரும் ஒரே வசனத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்: "மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லை."

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்லி விடுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு எந்த விழிப்புணர்வு முகாமும் யாரும் நடத்தவில்லை. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பேப்பரைத் தனியாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்குவார். பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப் போடுவார். ஓட்டைக் குடம், துருப்பிடித்த இரும்பு, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாவற்றுக்கும் தனித்தனி மூலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். எங்கள் பாட்டி காலத்தில் தெருவுக்கே ஆள் வருவாராம், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போவாராம். அப்போது மத்திய அரசின் விதிகளும் கிடையாது, பச்சைத் தொட்டி நீலத் தொட்டியும் கிடையாது. பேரீச்சம்பழம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதே அம்மா சிப்ஸ் பாக்கெட்டையும் ஷாம்பூ சாஷேயையும் என்ன செய்கிறார்? சமையல் கழிவோடு ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வண்டியில் எறிகிறார். பால் கவரைக் கழுவுகிற அதே கைதான். ஒரு பொருளுக்கு விழிப்புணர்வு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் போகுமா? பால் கவருக்கு விலை இருக்கிறது, சாஷேக்கு இல்லை.

எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டேன். எது எடுப்பீர்கள், எது எடுக்க மாட்டீர்கள்? செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம், தண்ணீர் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக் எல்லாம் எடுப்பாராம். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, அதுவும் வாரத்துக்கு வாரம் மாறும். உடைந்த கண்ணாடி கிலோவுக்குக் காசு தேறாது, கையைக் கிழிக்கும், வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டினேன். சிரித்தார். "தம்பி, உள்ள வெள்ளி, வெளிய கலரு, நடுவுல என்னவோ. இத யாரு பிரிப்பா?" பல அடுக்குப் பிளாஸ்டிக்கைப் பற்றி அந்தக் கருத்தரங்கில் இருபது ஸ்லைடு போட்டுச் சொன்னதை அண்ணாச்சி ஒரே வரியில் முடித்து விட்டார் :-)

இதில் இருக்கிற பொருளாதாரத்தைக் கவனியுங்கள். விலை போகிற பொருள் எல்லாம் வீட்டுக்கும் அண்ணாச்சிக்கும் இடையிலேயே பெரும்பாலும் நின்று விடுகிறது. தப்பித்தவறித் தொட்டிக்கு வந்ததையும் குப்பை பொறுக்குபவர்கள் விடியற்காலையிலேயே எடுத்து விடுகிறார்கள். மாநகராட்சி வண்டிக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி. அதன் விலை பூஜ்ஜியம்கூட இல்லை, பூஜ்ஜியத்துக்குக் கீழே. யாராவது காசு கொடுத்தால்தான் அது நகரும். "குப்பையிலிருந்து கோடிகள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். கோடி கொடுக்கிற குப்பையை ஏழைகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஐயா. மிச்சத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதுதான் கேள்வி. 'விழிப்புணர்வு' என்ற சொல் அந்தக் கேள்வியைப் போர்த்தி மூடுகிற போர்வை.

இப்போது யார் கட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.

சென்னையில் 2000-ல் மூன்று மண்டலங்களின் குப்பை முதன்முதலாகத் தனியாருக்குப் போனது. ஓனிக்ஸ் வண்டிகள், நம் அண்ணன் அக்காக்களுக்கு ஞாபகம் இருக்கும். 2007-ல் அது முடிந்து வேறு நிறுவனம் வந்தது. இந்த ஒப்பந்தங்களில் கூலி டன் கணக்கில். குப்பைமேட்டு எடைமேடையில் லாரி ஏறும், எடைக்கு ஏற்பப் பணம். நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன். டன்னுக்குக் காசு வாங்குகிறவருக்கு ஒரு வீட்டுக்காரம்மா காய்கறித் தோலை உரமாக்கினால் நஷ்டம். அண்ணாச்சி அட்டைப்பெட்டியை எடுத்தால் நஷ்டம். மழையில் நனைந்த குப்பை லாபம். ஒரு பக்கம் 'குப்பையைக் குறையுங்கள்' என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, மறு பக்கம் குப்பை கூடினால் கூடுதல் பணம் என்று கையெழுத்துப் போட்டால், ஜெயிக்கப் போவது போஸ்டரா கையெழுத்தா? 2020-ல் சில மண்டலங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் எடையை விட்டுவிட்டுச் செயல்திறன் அளவுகோல்களுக்கு மாறினார்கள். நல்லது. இருபது வருஷம் ஆயிற்று, அதையும் சொல்ல வேண்டும்.

இங்கே என் நண்பன் ஒருவன் (என் வகுப்புதான், பேர் சொன்னால் அடிப்பான்) குறுக்கே விழுவான். "ரீசைக்ளிங்கே ஒரு சடங்கு. கொட்டுவது மலிவு. ஜான் டியர்னி 1996-லேயே நியூயார்க் டைம்ஸ் மேகஸினில் எழுதி விட்டார், ரீசைக்ளிங்தான் குப்பை என்று. 2002-ல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் கண்ணாடி, பிளாஸ்டிக் சேகரிப்பையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்."

அவன் சொல்வதில் பாதி சரி. எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்வது புத்திசாலித்தனம் இல்லை. சிப்ஸ் பாக்கெட்டைக் கழுவி, பிரித்து, லாரியில் ஏற்றி எங்கோ அனுப்பும் செலவு, அதிலிருந்து கிடைப்பதைவிட அதிகம் என்றால் அது நஷ்டம்தான். 2018-ல் சீனா வெளிநாட்டுக் கழிவு பிளாஸ்டிக்குக்குக் கதவைச் சாத்தியபோது ஒரு விஷயம் அம்பலமானது: பணக்கார நாடுகள் நீலத் தொட்டியில் பக்தியோடு போட்டதில் ஒரு பெரிய பங்கு மறுசுழற்சி ஆகவில்லை, கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "கொட்டுவது மலிவு" என்பது? நண்பா, நியூயார்க் கொட்டுகிற இடத்துக்குக் காசு கொடுக்கிறது. நாம் எங்கே கொட்டினோம்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் குப்பையைத் தேக்கினோம். 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம் அது. அதே 2022 ஏப்ரலில்தான் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து, சுற்றுவட்டாரமே புகையைக் குடித்தது. வடக்கே கொடுங்கையூர். அங்கே குடியிருப்பவர்களிடம் போய் 'மலிவு' என்று சொல்லிப் பாருங்கள். சரி, புகை, ஈ, நாற்றம் எதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம், காசு மட்டும் பேசுவோம். பெருங்குடியின் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து எடுக்கும் பயோமைனிங் வேலைக்குச் சுமார் 350 கோடி ரூபாய். கொடுங்கையூருக்கு 600 கோடிக்கு மேல். நாற்பது வருஷமாக 'மலிவாக'க் கொட்டியதன் பில் இப்போதுதான் வந்திருக்கிறது. கடனாக வாங்கிய பொருளை யாரும் மலிவு என்று சொல்ல மாட்டார்கள். மளிகைக் கடை நோட்டில் எழுதி வைத்துவிட்டு 'இன்றைக்கு செலவே இல்லை' என்று சொல்கிற புருஷன் கணக்குதான் இது.

அடுத்து அவனே கேட்பான்: "அப்படியானால் வீட்டுக்காரனிடம் வாங்கு. எவ்வளவு குப்பையோ அவ்வளவு கட்டணம்."

இதுதான் பாடப்புத்தக விடை. தென்கொரியாவில் 1995 முதல் அப்படித்தான். அரசு விற்கும் பையில்தான் குப்பை போட வேண்டும், பையின் விலைதான் கட்டணம். நம் ஊரில்? 2021 ஜனவரியிலிருந்து வீட்டுக்கு இவ்வளவு என்று சென்னை மாநகராட்சி கட்டணம் அறிவித்தது. தேர்தல் வருஷம் வேறு. கூச்சல் எழுந்ததும் வாபஸ். எனக்கு அந்த வாபஸில் வருத்தமில்லை. ஏனென்றால் அது எடைக்கோ பைக்கோ போட்ட கட்டணமில்லை. பத்து கிலோ போட்டாலும் அரை கிலோ போட்டாலும் ஒரே தொகை. அது வருமானம் தரும், பழக்கத்தை மாற்றாது.

சரி, பைக்கணக்கில் வாங்கினால்? இங்கேதான் நான் போன செமஸ்டரில் படித்து ஆச்சரியப்பட்ட ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்று ஒரு ஊர். 1992-ல் அங்கே குப்பைப் பை ஒன்றுக்கு 80 சென்ட் என்று வைத்தார்கள். ஃபுல்லர்ட்டன், கின்னமன் என்று இரண்டு பொருளாதாரக்காரர்கள் வீடு வீடாகக் குப்பையை எடை போட்டார்கள், கட்டணத்துக்கு முன்னும் பின்னும். (முனைவர் பட்டத்துக்கு இப்படியும் ஒரு வழி!) பைகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எடை? அந்த அளவுக்குக் குறையவில்லை. ஜனங்கள் குப்பையைக் காலால் மிதித்து அமுக்கி ஒரே பையில் திணித்திருக்கிறார்கள். குறைந்த கொஞ்ச எடையிலும் கணிசமான பங்கு ரகசியமாக வேறு இடத்தில் கொட்டப்பட்டிருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். 1996-ல் வெளியான கட்டுரை இது.

பல்கலைக்கழகம் இருக்கிற அமெரிக்க ஊரிலேயே இந்தக் கதி. நம் ஊரில் பைக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக் காலி மனை என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் தெருவில் காலி மனை ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லாத இப்போதே அதில் ஆடு மேய்கிற அளவுக்குக் குப்பை.

ஆக, எறிகிற இடத்தில் காசு கேட்டால் ஆள் ஓடுகிறான். அப்படியானால் வாங்குகிற இடத்தில் கேட்பது, திருப்பித் தந்தால் காசைத் திருப்பித் தருவது. இது நடக்குமா என்று கேட்பவர்களை நான் டாஸ்மாக் கடைக்கு அழைத்துப் போகிறேன். (பார்க்க மட்டும்.)

நீலகிரியில் காட்டோரம் எறிந்த மது பாட்டில்கள் உடைந்து யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அழுத்திப் பிடித்ததில், 2022 மே மாதம் அந்த மாவட்டத்தில் ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான். போகப்போக நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பிறகு ஒவ்வொரு மாவட்டமாக விரிந்தது.

இதை ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். நாட்டிலேயே 'விழிப்புணர்வு' மிகக் குறைவாக இருக்கும் நேரம் என்று எதைச் சொல்வீர்கள்? குவார்ட்டர் அடித்த பத்தாவது நிமிடத்தைத்தான். அந்த நேரத்திலும் ஒரு மனிதன் பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறான். அவன் கொடுக்காமல் போனாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துப் பத்து ரூபாய் வாங்குகிறார். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேற்று வரை கிலோவுக்குக் காசு தேறாத கண்ணாடி, ஒரே ஆணையில் பொறுக்குகிறவர் கையில் பத்து ரூபாய் நாணயமாக மாறிவிட்டது.

புதிய கண்டுபிடிப்பும் இல்லை இது. கலர் சோடாவும் கூல்டிரிங்க்ஸும் கண்ணாடி பாட்டிலில் வந்த காலத்தில், பாட்டிலைக் கொடுக்காமல் கடைக்காரர் நம்மை நகர விடுவாரா? ஜெர்மனியில் 2003-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், கேன்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை. கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வருகிறது. ஜெர்மானியர்களுக்கு ஒழுக்கம் அதிகம் என்று சொல்லாதீர்கள். ஊட்டிக் குடிமகனுக்கும் அதே ஒழுக்கம்தான் :-)

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது, காலியை வாங்கி அடுக்குவது எல்லாம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த அதே கடை ஊழியர்கள் தலையில் விழுந்தது. ஆள் இல்லை, இடம் இல்லை என்று அவர்கள் போராட்டம் நடத்தியதில் நியாயம் இருக்கிறது. வைப்புத்தொகைத் திட்டத்துக்கு உழைப்பு வேண்டும், அந்த உழைப்புக்குக் கூலி வேண்டும். அதை ஒதுக்காமல் ஆரம்பித்தால் இப்படித்தான்.

ஆனால் என் கேள்வி வேறு. மது பாட்டிலுக்கு முடிந்தது தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் முடியவில்லை? எண்ணெய்க் கவருக்கு? ஷாம்பூ சாஷேக்கு? சாஷே வியாபாரத்தில் நமக்குத் தனிப் பெருமையே உண்டு, ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து இந்தியாவுக்கு விற்கக் கற்றுக்கொடுத்தது கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பம். ஏழையும் ஷாம்பூ போடலாம் என்று ஆக்கிய புத்திசாலித்தனம் அது, நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அந்த ஒரு ரூபாயில் உறையை அள்ளும் செலவு இல்லை. அது மாநகராட்சி கணக்கில் இருக்கிறது, அல்லது பள்ளிக்கரணையில் இருக்கிறது.

2019 ஜனவரி 1-ல் தமிழகத்தில் பிளாஸ்டிக் தடை வந்தபோது யார் கடையில் அதிகாரிகள் நுழைந்தார்கள்? பூக்காரம்மாவிடம் கவர் பிடித்தார்கள். டீக்கடையில் கப் பிடித்தார்கள். கம்பெனியிலேயே அடைத்து வருகிற பொட்டலங்களுக்கு முதலில் விலக்கு. 2020-ல் அந்த விலக்கை நீக்கி ஆணை வந்தது. நீங்களே பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய்ச் சரம் சரமாக என்ன தொங்குகிறது என்று பாருங்கள்.

உற்பத்தியாளர்தான் பொறுப்பு என்று 2022-ல் மத்திய அரசு விரிவான விதிமுறை கொண்டுவந்தது உண்மை. கம்பெனி எவ்வளவு பிளாஸ்டிக் விற்கிறதோ அதற்கேற்ப, மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த வருஷமே என்ன ஆயிற்று? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதனை போட்டதில் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. பிளாஸ்டிக் சுழலவில்லை, காகிதம் சுழன்றது. பத்து ரூபாய் நாணயத்தில் இந்தப் பித்தலாட்டம் செய்ய முடியாது. பாட்டில் கைக்கு வந்தால்தான் காசு கைவிட்டுப் போகும்.

சான்றிதழ் என்றதும் என் சொந்தக் கதை. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் விடுதிப் பின்வாசலுக்குத் தினமும் காலையில் ஒரு ஆயா கோணிப்பையோடு வருவார். தண்ணீர் பாட்டில், அட்டை, பழைய நோட்டு எல்லாவற்றையும் பிரித்து எடுத்துப் போவார். யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. போன வருஷம் எங்கள் பசுமை மன்றம் (நானும் உறுப்பினன்) ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடச் சொல்லி நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்தது. 'கழிவில்லா வளாகம்' ஆகப் போகிறோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். இப்போது நிறுவனத்தின் வண்டி வாரம் இரண்டு முறை வருகிறது. எடுப்பது அதே பாட்டில், அதே அட்டை. சிப்ஸ் பாக்கெட்டும் மெஸ் கழிவும் வழக்கம்போல மாநகராட்சித் தொட்டிக்குத்தான். வித்தியாசம் இரண்டு. ஆயா இலவசமாகச் செய்ததற்குக் கல்லூரி இப்போது மாதக் கட்டணம் கட்டுகிறது. ஆயாவைக் காவலாளி உள்ளே விடுவதில்லை.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ரோட்டோரத் தொட்டியில் கை விட்டுக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, உள்ள இப்போ யாரோ கம்பெனிக்காரன் எடுக்கறானாமே" என்றார். "ஆமா ஆயா" என்றேன். வேறு என்ன சொல்ல. உள்ளே பிரித்து வைத்த சுத்தமான பாட்டில் கிடைத்துக்கொண்டிருந்தவருக்கு, இப்போது ஊறுகாயும் டயப்பரும் கலந்த தொட்டி.

ஏன் இப்படி ஆயிற்று? நிறுவனம் சான்றிதழ் தரும், ஆயாவால் தர முடியாது. அங்கீகாரக் குழு வரும்போது சுவரில் மாட்ட நமக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குப் புனே இருக்கிறது. அங்கே குப்பை பொறுக்குபவர்கள் 1993-லேயே தொழிற்சங்கம் கட்டினார்கள். பிறகு 'ஸ்வச்' என்று கூட்டுறவு அமைப்பாகி மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். வீடு வீடாகப் போய் வாங்குகிறார்கள், வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு சிறு தொகை தருகிறார்கள், விலை போகிற பொருள் அவர்களுக்கே. அங்கேயும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டுத்தான். ஆனாலும் நிற்கிறது.

நம் ஊரில் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை பற்றிப் பேச்சு எழுந்து, வடசென்னைக்காரர்கள் 2025-ல் தெருவில் கை கோத்து நின்றார்கள். ஈரக் குப்பை எரியாது. உலைக்குத் தினமும் தீனி வேண்டும் என்றால் அது காகிதமும் பிளாஸ்டிக்கும்தான், அதாவது அண்ணாச்சி எடுப்பதும் ஆயா எடுப்பதும். இப்படிப்பட்ட ஆலைக்கு வருஷக்கணக்கில் குப்பை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், குப்பை குறைவது நகரத்துக்கு ஒப்பந்த மீறல் ஆகிவிடும். மறுபடியும் டன் கணக்குத்தான், வேறு சட்டை.

வியாழக்கிழமை மாலை பசுமை மன்றக் கூட்டம். இரண்டு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, நிறுவனத்துக்குக் கட்டும் மாதக் கட்டணத்தை ஆயாவுக்கும் அவரோடு வரும் ஒருவருக்கும் கொடுத்துப் பின்வாசலில் பிரிக்கும் வேலையை ஒப்படைப்பது. இரண்டு, கேன்டீனில் விற்கும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும் 5 ரூபாய் வைப்புத்தொகை. கேன்டீன்காரரிடம் பேசிப் பார்த்தேன். "காலிய வைக்க எடம் எங்க தம்பி?" என்று கேட்டார், டாஸ்மாக் ஊழியர்கள் கேட்ட அதே கேள்வி. ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அளந்து விட்டேன். தீர்மானத்துக்கு ஐந்து பேர் வழிமொழிய வேண்டுமாம், இதுவரை மூன்று பேர். இதைப் படிக்கிற நம் வகுப்பு ஆட்கள் தயவுசெய்து ஐந்தரை மணிக்கு வந்து சேருங்கள். செயலாளர் ஏற்கெனவே என் மேல் கடுப்பில் இருக்கிறார்.